மனைவியின் ரத்தம் உதவாது

குளச்சல்
23 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய பேராசிரியர் குமாரதாஸ் அவர்களுக்கு,

ஞானசெல்வி எழுதுகிறேன். உங்கள் தம்பி ஜெபசீலனின் மனைவி. என்னை நினைவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். நினைவில்லாதவளை யாரும் பிளாக் செய்வதில்லை. அதனால்தான் தபால். தபாலை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை.

படகு கவிழ்ந்த செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 'குளச்சல் ஜெபசீலன்' என்று போட்டிருந்தார்கள். குழித்துறை என்று போடவில்லை, அது உங்களுக்கு வசதியாகப் போயிற்று. அவர் மீன் பிடிக்கிறவர் அல்ல, டீசல் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகில் புது எஞ்சின் சூடாகிறது, கூட வந்து பார் என்று படகுக்காரர் கூப்பிட்டார். போனார். விழிஞ்ஞத்துக்கு நேரே வெளிக்கடலில் காற்று புரட்டிவிட்டது. மற்றவர்களை வேறு படகுகள் தூக்கிக்கொண்டன. இவரும் சிலுவைதாசன் என்கிறவரும் கிடைக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு உடல் கேரளக் கரையில் ஒதுங்கியது. முகம் இல்லை. திருவனந்தபுரத்தில் பிணவறையில் வைத்திருக்கிறார்கள். போலீஸ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "கழுத்துல உத்தரியம் கெடக்கு. ஒங்க ஆளு போடுவாரா?" கர்மேல் மாதா படம் தைத்த துணித்துண்டை எங்கள் கரையில் எல்லா ஆண்களும் போட்டிருப்பார்கள். நான் யோசிக்கவே இல்லை. "எங்க ஆளு புரோட்டஸ்டண்டு. அவரு போடமாட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி, சிலுவைதாசன்தான் என்று முடிவாகி அவர்கள் வீட்டில் ஒப்பாரிகூட வைத்துவிட்டார்கள். பிறகு முறைக்காக அவருடைய அப்பாவும் அம்மாவும் ரத்தம் கொடுத்தார்கள். பொருந்தவில்லை.

அதற்கப்புறம்தான் என் அம்மா வாயைத் திறந்தார். "நாந்தான் மக்கா போட்டு விட்டேன், படகு ஏறுகதுக்கு முன்ன. அவரு சிரிச்சிட்டே குனிஞ்சு தந்தாரு. கழத்தாம போயிட்டாரு போல." என் புருஷனை என் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது ரத்த உறவு யாராவது வர வேண்டும் என்கிறார்கள். நான் மனைவி. மனைவியின் ரத்தம் இதற்கு உதவாது. பிள்ளை இருந்தால் போதும், எங்களுக்கு இல்லை. அவருடைய அம்மா வர வேண்டும், அல்லது நீங்கள். விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான். வருவீர்களா?

ஞானசெல்வி


குழித்துறை
30 செப்டம்பர் 2024

திருமதி ஞானசெல்வி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சில நாள் கடத்திவிட்டேன். முப்பது வருடம் வரலாறு போதித்தவன், மேடையில் தாளில்லாமல் பேசுகிறவன், ஒரு பக்கக் கடிதத்துக்குத் திணறுகிறேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

செய்தியைப் பார்த்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எதிர் நாற்காலியில் அம்மா உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நெஞ்சில் பேஸ்மேக்கர். ஜெபசீலன் சவுதியில், தம்மாமில் இருக்கிறான், விசாவில் சிக்கல், லீவு கிடைக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பொய் நான் தனியாகச் செய்தது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் திருமணம் நடந்தபோது அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த நேரம். அவனும் சம்மதித்துத்தான், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்து 'இங்க செம்ம சூடும்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது போன் வருவதில்லை. "ஏம்லே அவன் விளிக்கல்ல?" என்று அம்மா கேட்கிறார்கள். "ரூம்ல டவர் இல்லம்மா" என்கிறேன். எத்தனை வாரத்துக்குச் சொல்வேன்?

சபையிலும் இதே கதைதான் ஓடுகிறது. நான் சபைச் செயலர். டிசம்பரில் தோள்சீலைப் போராட்ட நினைவுக் கூட்டம் நடத்துகிறோம், நான்தான் சிறப்புரை. நான் ரத்தம் கொடுத்தால் விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரும், போதகருக்குத் தெரியும், பிறகு யார் வாயை மூடுவது? சமத்துவம் பேசுகிறவன் வீட்டில் இப்படியா என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நானே என்னிடம் கேட்டுக் களைத்துவிட்டேன்.

அது அவன்தான் என்றும் நிச்சயமில்லை. ஜெபிக்கிறேன். தயவுசெய்து மேற்கொண்டு எழுத வேண்டாம். எழுதத்தான் வேண்டும் என்றால், நான் தினமும் போகும் கல்லூரி நூலக முகவரிக்கு எழுதுங்கள்; வீட்டுத் தபாலை அம்மா வாங்கிவிடுகிறார்கள்.

குமாரதாஸ்


குளச்சல்
4 அக்டோபர் 2024

பேராசிரியர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லி, எங்கே எழுத வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி உங்களைப் பற்றிச் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. "எங்க அண்ணனுக்கு நல்ல மனசாக்கும், ஆனா அதுக்கு லீவே கெடைக்காது" என்பார்.

டவர் இல்லை என்று அம்மாவிடம் சொல்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை போனை அவர் எப்படிப் பேசுவார் தெரியுமா? வீட்டுக்குள் பேசினால் மீன் ஏலக்காரன் மைக் கேட்கும் என்று தோப்புக்குள் போய், கடலுக்கு முதுகைக் காட்டி, ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு நிற்பார். பேசி முடித்து வரும்போது முகம் ஒரு மாதிரி இருக்கும். நான் சோறு போடுவேன். நானும் ஒன்றும் கேட்கமாட்டேன். அம்மாவின் ஆபரேஷன் முடிந்து ஆண்டுகள் ஓடின, நீங்கள் இன்னும் ஆபரேஷனையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

அது அவர்தான் என்று என்ன நிச்சயம் என்கிறீர்கள். நிச்சயம் செய்யத்தானே உங்களைக் கூப்பிடுகிறேன்! பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் வருஷாவருஷம் நடத்துகிற பாடம் இது. முறுக்கிய ஏணி. இரண்டு இழை, ஒன்று மேலே போனால் மற்றது கீழே வருகிறது. ஒரு பக்கம் அடினின் என்றால் எதிர்ப்பக்கம் தைமின்தான். குவானின் என்றால் சைட்டோசின்தான். ஒரு இழை கையில் இருந்தால் மற்றதை எழுதிவிடலாம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்குவார்கள். நானும் அது மார்க் பாடம் என்றுதான் இருந்தேன். இன்று நம்பர் போட்டுப் பையில் வைத்திருக்கிற ஒருவருக்குப் பெயர் கொடுக்க அதை விட்டால் வழியில்லை. தெருமுனையில் இருமினால் அவர்தான் என்று எனக்குத் தெரியும். லேபில் அது செல்லாது. உங்களுக்கு அவரைப் பற்றிப் பத்து வருஷமாக ஒன்றும் தெரியாது, ஆனால் உங்கள் ரத்தம் செல்லும். அப்பா கொடுத்த ஒய் குரோமோசோம் உங்கள் இருவருக்கும் ஒன்றே.

போன வருஷம் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "டீச்சர், இந்த ஏணியில சாதி எந்தப் படியில இருக்கு?" எந்தப் படியிலும் இல்லை என்றேன். "பின்ன எங்க டீச்சர் இருக்கு?" பெல் அடித்துவிட்டது, தப்பித்தேன்.

உங்கள் பேச்சுக்களை யூடியூபில் கேட்டிருக்கிறேன். இருவரும் சேர்ந்துதான் கேட்போம். மேலாடை போட்டதற்காக உங்கள் பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தது, பள்ளிக்கூடத்தை எரித்தது, குப்பாயம் என்கிற மேல்சட்டை தைத்துக் கொடுத்தது, எல்லாம் சொல்வீர்கள். கேட்கிற எனக்கே கண் நிறையும். கடைசியில் 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா விட்ட விளம்பரத்தை, அந்த அரச ஆணையை வாசிப்பீர்கள். 'கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம்' என்றதும் குரலை உயர்த்துவீர்கள், கைதட்டல் வரும், உட்கார்ந்துவிடுவீர்கள். உடனே இவர் சிரிப்பார். "அடுத்த வரிய முழுங்கிட்டான் பாத்தியா?" அடுத்த வரி என்ன என்று எனக்கு அவர்தான் சொன்னார். குப்பாயம் போடலாம், இல்லையென்றால் முக்குவத்திகளைப் போலத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், உயர்ந்த சாதிக்காரிகளைப் போல மட்டும் கூடாது. முக்குவத்தி என்றால் நாங்கள், கடற்கரைப் பெண்கள். எங்கள் கிழவிகளைப் போல உடுத்தலாம் என்பது உங்களுக்குக் கிடைத்த உரிமை. அதைச் சொல்ல உங்களுக்கு நாக்கு வரவில்லை.

டிஎன்ஏ பாடத்திலும் ஒரு விழுங்கல் உண்டு. அந்த ஏணியின் எக்ஸ்ரே படத்தை எடுத்தது ஒரு பெண். நோபல் பரிசு கொடுக்கும்போது அவர் உயிரோடு இல்லை, பெயரும் சின்னதாகிப் போயிற்று. நான் போர்டில் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதுவேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

நீங்கள் கூட்டத்தில் எதை வேண்டுமானாலும் விழுங்குங்கள். எனக்கு ரத்தம் வேண்டும். நாள் அதிகமானால் உரிமை கோராத உடல் என்று அங்கேயே அடக்கம் செய்துவிடுவார்கள். பெயர் இல்லாமல் அவரைப் புதைக்க விடமாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

ஞானசெல்வி


குழித்துறை
13 அக்டோபர் 2024

ஞானசெல்வி அவர்களுக்கு,

அந்த வரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது நேரமின்மையால் என்று ஒரு பதில் எழுதினேன், கிழித்துப் போட்டேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ரத்தம் கொடுக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள். அவன்தான் என்று முடிவானால் உடலை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். இங்கே கல்லறைத் தோட்டத்தில் அப்பா பக்கத்தில் குடும்ப இடம் இருக்கிறது. கல்ஃபிலிருந்து வரும் உடல்கள் திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தான் இறங்குகின்றன. பெட்டி சீல் வைத்தே வரும், யாரும் திறந்து காட்டச் சொல்வதில்லை, இந்தத் தாலுகாவில் அது பழகிப்போன காட்சி. நம்முடையதும் அதே ஊரிலிருந்து, அதே ரோட்டில், அதே மாதிரி ஆம்புலன்ஸில் வரும். தம்மாமில் மாரடைப்பு என்று சொல்லிவிடலாம். அம்மாவுக்குத் தன் மகன் தன் மண்ணில் கிடக்கிறான் என்ற ஆறுதல் மிஞ்சும்.

மனைவி என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒப்படைப்பார்கள். அடக்கத்துக்கு நீங்கள் வரலாம், நான் தடுக்கமாட்டேன். கூடப் படித்தவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது, எதையும் உடைத்துப் புதிதாகக் கட்டுகிற தெம்பு இல்லை.

குமாரதாஸ்


குளச்சல்
17 அக்டோபர் 2024

பேராசிரியர் அவர்களுக்கு,

படித்ததும் உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். அம்மா பிடுங்கி வைத்தார்.

யோசித்துப் பார்த்தேன். யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, சண்டை போடத் தெம்பு இல்லை. காலையில் ஸ்கூல், மதியம் போலீஸ் ஸ்டேஷன், சாயங்காலம் யாராவது வந்து 'ஒண்ணும் தெரியலியா டீச்சர்?' என்று கேட்பது. சிலுவைதாசனின் அம்மா ரோட்டில் என்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறார். அவருக்கு ஒரு உடலைக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டது நான்தானே.

சரி. ரத்தம் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். கொண்டுபோங்கள். நம்பர் இல்லாமல் பெயரோடு எங்கேயாவது கிடக்கட்டும்.

உத்தரியத்தைக் கழற்ற விடாதீர்கள். அது என் அம்மா போட்டது.

ஞானசெல்வி


குழித்துறை
27 நவம்பர் 2024

ஞானசெல்விக்கு,

அடக்கம் முடிந்து ஒரு வாரமாக எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கடைசி வரிசையில், வேப்பமரத்தடியில் நின்றீர்கள். பார்த்தேன். பார்க்காதது போல இருந்தேன். மண் போடும்போது நீங்கள் முன்னால் வருவீர்களோ என்று பயந்தேன், வரவில்லை. வந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு எந்தப் பக்கம் நின்றாலும் நிம்மதி இல்லை.

திருவனந்தபுரத்தில் ரத்தம் எடுத்த பெண், அவன் எனக்கு யார் என்று கேட்டாள்: "ஆரா?" "அனியன்" என்றேன். தம்பி என்று தமிழில் சொல்ல வாய் வரவில்லை. மலையாளத்தில் சொன்னால் கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி இருந்தது. பொருந்துகிறது என்று தாள் வந்த அன்றைக்கு அந்தத் தள்ளி நிற்பதும் போய்விட்டது. நூலகத்துக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

உத்தரியத்தை யாரும் தொடவில்லை.

நான் எழுத வந்தது வேறு. எல்லாம் திட்டமிட்டபடி நடந்துவிட்டது. அம்மா கல்ஃப் கதையை நம்பினார்கள். அழுதார்கள், மயக்கம் வந்தது, தெளிந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார்கள். "அவன்கூட ரூம்ல கெடந்தவங்க யாரும் வரல்லியா? ஒருத்தன்கூடவா வரல்ல? கடைசியா அவன் என்னத்த தின்னான்னு யாருகிட்டலே கேக்க?" தினமும் இதுதான். அவன் இளைத்திருந்தானா, மீன் வாங்கிச் சமைத்தானா, ராத்திரி இருமல் உண்டா, துணி யார் துவைத்தது. பத்து வருடப் பொய்யை நான் சரளமாகச் சொன்னேன். இந்தக் கேள்விகளுக்கு என்னிடம் ஒரு பொய்கூட இல்லை. எனக்குத் தெரியாது. இளைத்திருந்தானா?

கூட இருந்தவர் ஒரே ஒருவர்தான். வருவீர்களா? தம்மாமில் நர்ஸாக இருந்தேன் என்று சொல்லலாம். அம்மா கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள், ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

குமாரதாஸ்


குளச்சல்
2 டிசம்பர் 2024

அத்தான் என்றே எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் லேபில் உறுதியாகிவிட்டது.

இளைக்கவில்லை. தொப்பை போட்டிருந்தார். இருமல் உண்டு, பீடியை விட்ட பிறகும். துணி அவரே துவைப்பார்; எஞ்சின் எண்ணெய்க் கறை என் கைக்குப் போகாது என்பார். கடைசியாகத் தின்றது பழஞ்சிச் சோறும் சாளை மீன் வறுத்ததும். போதுமா? இதைத் தாளில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள், நர்ஸ் எழுதினாள் என்று.

நான் நர்ஸாக வரமாட்டேன். ஒரு நாள் உங்களுக்காகக் கூடப் படித்தவளாக நின்றேன். வேப்பமரத்தடியில் ஒரு அக்கா கேட்டார், "நீங்க யாரு பிள்ளே?" கூடப் படித்தது என்றேன். "அப்பிடியா, பாவம், கல்யாணம்கூடக் கழிக்காம போயிட்டானே" என்று என் கையைப் பிடித்து அழுதார். நானும் அவரோடு சேர்ந்து, என் புருஷனுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று அழுதுவிட்டு பஸ் ஏறினேன். இன்னொரு தடவை என்னால் முடியாது. வெட்கமாக இருக்கிறது. உங்கள்மீது கோபப்பட்டதைவிட என்மீதுதான் அதிகம்.

வந்தால் மருமகளாக வருவேன். அம்மாவிடம் முதலில் நீங்கள் சொல்ல வேண்டும். நெஞ்சு தாங்காது என்று இனிமேல் எழுதாதீர்கள். பிள்ளை செத்ததைத் தாங்கியவருக்கு அவன் வாழ்ந்ததைத் தாங்க முடியாதா?

இன்னொன்றும் கேட்கிறேன். அவருக்கு இடப்பக்கம் ஒரு குழிக்கான இடம் சும்மா கிடக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அது எனக்கு வேண்டும். செத்த பிறகாவது கூடப் படித்தவளாக இல்லாமல் கிடக்க வேண்டும். நீங்கள் செயலர். கமிட்டியில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். நினைவுக் கூட்டம் நடத்துகிற மாதம்தானே, பொருத்தமாக இருக்கும்.

ஞானசெல்வி


குழித்துறை
17 டிசம்பர் 2024

ஞானசெல்விக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு மதியம், சாப்பாடு முடிந்து. தம்மாம் இல்லை, குளச்சல். மாரடைப்பு இல்லை, கடல். தனியாக இல்லை, மனைவி உண்டு, டீச்சர். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், வகுப்பு எடுப்பது போல. அம்மா சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தார்கள். பிறகு, "அவனுக்கு நீச்சல் தெரியாதேலே" என்றார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பேஸ்மேக்கர் நன்றாகத்தான் ஓடுகிறது. என்னிடம்தான் பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வேலைக்கு வருகிற ராகேலிடம் சொல்லி அனுப்புகிறார்கள். "அவனுக்க அண்ணன்காரருகிட்ட சொல்லு, மாத்திரை தீந்துபோச்சுன்னு." ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே.

நினைவுக் கூட்டம் முடிந்தது. விளம்பரத்தை முழுதாக வாசித்தேன். முக்குவத்திகளைப் போல என்ற வரியையும் வாசித்து, அதற்கு அர்த்தமும் சொன்னேன்; நமக்கு உரிமை கொடுத்தவன் கடற்கரைக்காரியைக் காட்டித்தான் கொடுத்தான், அவள் நமக்கு முன்னால் நின்றாள், நாம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வழக்கம் போலக் கைதட்டினார்கள். டீ குடிக்கப் போனார்கள். போதகர் மட்டும் "இன்னைக்கு சார் கொஞ்சம் நீட்டிட்டீங்க" என்றார்.

கல்லறை விஷயத்தைக் கமிட்டியில் வைத்தேன். எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லித்தான் வைத்தேன். பொய் சொன்னதற்காக என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூத்தவர் ஒருவர் மட்டும் பேசினார்: "சாரே, மேடை வேற, கல்லறை வேற. அவங்க நம்ம சபை இல்லியே." கை தூக்கச் சொன்னேன். என் கை மட்டும்தான் நின்றது. செயலர் பதவியை விட்டுவிட்டேன். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, தெரியும்.

நீங்கள் பார்த்த அந்த இடது பக்க இடம் அம்மாவுக்கு ஒதுக்கியது. கமிட்டி முடிந்து வந்து ராகேலிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மா காதில் விழட்டும் என்றுதான். அம்மா உள்ளேயிருந்து வந்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார்கள். அப்படியே எழுதுகிறேன்:

"அது எனக்க இடம்லா? எனக்க இடத்த நான் எனக்க மருமவளுக்குக் குடுக்கேன். அதுக்கு எந்த கமிட்டி? அவகிட்ட எழுதிக் கேளு, அவளுக்க ஊர்ல எனக்கு ஒரு குழி கெடைக்குமான்னு. அவன் எங்க கெடந்தானோ அங்க நான் கெடக்கேன். அவ அவன்கூட கெடக்கட்டு."

இதற்குச் சட்டத்தில் இடமில்லை, சபை ஒத்துக்கொள்ளாது, ஒதுக்கிய இடத்தை மாற்றிக் கொடுக்க முடியாது, எல்லாவற்றையும் சொன்னேன். "ஒன்கிட்ட அவகிட்ட கேக்கத்தானலே சொன்னேன்" என்றார்கள். கேட்டுவிட்டேன்.

குமாரதாஸ்


குளச்சல்
20 டிசம்பர் 2024

அத்தான்,

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் கோயில் பங்குப் பேரவைத் தலைவர் வீட்டுக்குப் போனேன். ரோஷத்தில்தான் போனேன். உங்கள் ஆட்கள் முடியாது என்ற இடத்தில் எங்கள் ஆட்கள் முடியும் என்பார்கள், உங்களுக்கு எழுதிக் காட்டலாம் என்று. மகன் கடலில் போனவன், தாய்க்குக் கரையில் ஒரு இடம், இவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று எண்ணினேன்.

அவர் நல்ல மனிதர். ஜெபசீலனைத் தேடிப் படகெடுத்துப் போனவர்களில் அவரும் ஒருவர். முழுக்கக் கேட்டார், கண் துடைத்தார். பிறகு சொன்னார்: "டீச்சரே, தேடுகது வேற, கல்லறை வேற. அவங்க நம்ம சபை இல்லியே." நான் சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்களும் எங்கள் ஆட்களும் எங்கேயோ கூடி ஒத்திகை பார்த்தது போல ஒரே வசனம். பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். பார்க்கலாம், மேலே எழுதிக் கேட்கலாம், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் சிலுவைதாசனின் அம்மா வாசலில் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினேன். "ஏட்டி, இஞ்ச வா" என்றார். போனேன். கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். அவருக்குப் புதைக்க ஒரு நகம்கூடக் கிடைக்கவில்லை. குழிக்காக ஊர் ஊராக அலைகிற நான் அவர் முன்னால் அந்தச் சாயாவைக் குடித்து முடிக்கக் கஷ்டப்பட்டேன்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்: தெரியாது. கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த இடது பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள் என்பதையும் உங்கள் சபை ஒத்துக்கொள்ளாது. இரண்டு ஊர் ஆண்களும் உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யட்டும், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. நான் இனி யார் வீட்டுப் படியிலும் ஏறப்போவதில்லை. அம்மாவுக்கும் எனக்கும் சாவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதனால் அம்மாவைக் கூட்டி வாருங்கள். கல்லறைக்கு அல்ல, வீட்டுக்கு. கிறிஸ்துமஸுக்கு வரட்டும், இருக்கிற வரை இருக்கட்டும். அவன் என்ன தின்றான், யார் துவைத்தது என்று கேட்க எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் இருக்கட்டும். கேட்டு முடிந்தால் நான் கேட்க நிறைய இருக்கிறது, சின்ன வயதில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குச் சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. மாத்திரைகளை மறக்காமல் எடுத்து வையுங்கள்.

வீட்டில் கட்டில் ஒன்றுதான். அவர் படுத்த பக்கத்தை இன்று காலை துடைத்து, விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன். அம்மா அதில் படுத்துக்கொள்ளட்டும்.

ஞானசெல்வி